ரசீதோடு வந்த விளையாட்டு



கணினி விளையாட்டு என்றதும் நம் வீடுகளில் எழும் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளைகளை அதிலிருந்து எப்படி மீட்பது? அந்தக் கவலையின் நியாயத்தை நானும் அறிவேன். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். ஆனால் எங்கள் வீட்டுக்கு முதல் கணினி விளையாட்டு வந்தபோது எழுந்த கேள்வி வேறு. விளையாடலாமா என்பதைக் காட்டிலும், அதை யாரிடமிருந்து, எந்த வழியில் பெறுவது என்பதில்தான் என் அத்தா பிடிவாதமாக நின்றார். ஏறத்தாழ மூன்று மாதம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பிலிருந்து பள்ளிவாசல் திண்ணை வரை போய்வந்தது.

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தெற்கே வந்து, தே. கல்லுப்பட்டியில் மேற்கே திரும்பினால் எங்கள் பேரையூர். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் சோளமும் விளையும் மண். இன்னும் மேற்கே பார்த்தால் சாப்டூர் மலைகள் நீலமாய்த் தெரியும். ஊர்க் கடைவீதியில் அத்தாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. நன்னா தொடங்கிய கடை. தராசையும் படிக்கல்லையும் முத்திரையிட எடுத்துப்போகும் நாளில் அத்தா கடையைத் திறக்கவே மாட்டார். இரவல் தராசில் நிறுத்துக் கொடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால், அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார்.

2003-ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அக்கா மதுரையில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்திருந்தாள். அவள் படிப்புக்காக அந்த ஆண்டு வீட்டுக்குக் கணினி வந்தது. பென்டியம் 4 செயலி, 128 எம்.பி. நினைவகம், 40 ஜி.பி. வன்தட்டு, 15 அங்குலக் கண்ணாடித் திரை. இன்று கைப்பேசியின் ஒரு மூலையில் அடங்கிவிடும் சரக்கு. அன்று அதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் அஸருக்குப் பின் வந்து போனார்கள். அம்மா அதற்குப் பூவேலை செய்த உறை தைத்துப் போட்டிருந்தார்.

மதுரையில் உதிரிப் பாகங்களைக் கூட்டிக் கணினி செய்து தந்தவரிடம் விலைப்பட்டியலை வாங்கிய அத்தா ஒவ்வொரு வரியாகப் படித்தார். விண்டோஸுக்கு நேராக விலை எதுவும் இல்லை. அது என்ன என்று விசாரித்தார்.

"அது நாங்களே போட்டுத் தந்துருவோம் பாய். காசில்லை."

"உங்களோடதா?"

"இல்லை பாய், மைக்ரோசாஃப்ட் கம்பெனியோடது."

"அவங்களோட பொருளை நீங்க எப்படிக் காசில்லாம தர்றீங்க?"

அவர் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. அச்சுப்பொறிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் விண்டோஸுக்குப் போயிற்று. படிப்பு முடியும் வரை அக்கா தன் பாடக் குறிப்புகளை நெகிழ்வட்டில் எடுத்துக்கொண்டு தே. கல்லுப்பட்டியில் இருந்த டி.டி.பி. சென்டருக்குப் பேருந்தில் போய் அச்செடுத்து வந்தாள். இன்றைக்கும் குடும்பம் கூடும் இடங்களில் அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள்.

அந்த ஆண்டு காலாண்டு விடுமுறையில்தான் என் வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தைக் கண்டேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டாலஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விளையாட்டு அது. வெறும் சுடுதல் விளையாட்டுகளையே பார்த்திருந்த எனக்கு அது வேறோர் உலகமாகத் தெரிந்தது. முதலில் நம்மிடம் சில குடியானவர்கள் மட்டும் இருப்பார்கள். ஆடு மேய்த்து, பழம் பறித்து, மரம் வெட்டி, வயல் உழுது ஊரை உண்டாக்க வேண்டும். படை என்பது அதற்குப் பிறகுதான். உணவு, மரம், பொன், கல் என்ற நான்கையும் சேர்க்கத் தெரியாதவனுக்கு வாள் இல்லை.

என்னை நிலைகுலைய வைத்தது அதுவன்று. போர்த்தொடர்களின் பட்டியலில் ஜோன் ஆஃப் ஆர்க், செங்கிஸ்கான், பார்பரோசா ஆகிய பெயர்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் 'சலாடின்' என்றொரு பெயர் இருந்தது. "ஏதோ அரபு ராஜாடா" என்றான் தோழன். எழுத்துக்கூட்டிப் படித்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. மதரஸாவில் ஹஜ்ரத் சொல்லச் சொல்லக் கேட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்)! பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாத அவரை, கடல் கடந்து யாரோ ஒருவர் ஆறு அத்தியாயங்களில் விளையாட்டாக்கி வைத்திருக்கிறார். அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

தோழன் வைத்திருந்தது பேருந்து நிலையத்தையொட்டிய ஒரு சந்தில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய வட்டு. "நீ வெத்து சி.டி. மட்டும் கொண்டு வா, நானே எழுதித் தர்றேன்" என்றான். வெற்று வட்டின் விலை பதினைந்து ரூபாய். அதைக் கேட்டுத்தான் அத்தாவிடம் போனேன்.

"இதை உண்டாக்கினது யாரு தம்பி?"

"அமெரிக்காவுல ஒரு கம்பெனி, அத்தா."

"உன் சேக்காளி எழுதிக் குடுத்தா அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. ஆனா அவங்ககிட்டருந்து நாம எதையும் எடுக்கலையே. அவன் வட்டு அவன்கிட்டயே இருக்கு, எனக்கு இன்னொண்ணு வரும்."

பதினான்கு வயதில் அது அசைக்க முடியாத வாதமென்று தோன்றியது. உண்மையில், இன்று வரை பலரும் முன்வைக்கும் வாதமும் அதுதான். அரிசியை எடுத்தால் மூட்டையில் குறையும். வட்டை நகலெடுத்தால் எங்கே குறைகிறது? அத்தா பதில் சொல்லாமல், பரணிலிருந்து ஒரு பழைய தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். அதில் பச்சை மசியில் அச்சிட்ட காகித உறைகள் கட்டுக்கட்டாக இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை, வெற்று உறைகள்.

அந்தக் கதையை நான் அரைகுறையாக அறிந்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அத்தா சீயக்காய்த் தூள் அரைத்து விற்றார். வெந்தயம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, பச்சைப்பயறு எல்லாம் நன்னிமாவின் கைப்பக்குவம். உறையில் நன்னாவின் பெயர். உசிலம்பட்டி வரை கடைகளில் கேட்டு வாங்கும் அளவுக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகொரு நாள் அதே பச்சை, அதே எழுத்து, பெயரில் ஒரே ஓர் எழுத்து மாற்றத்துடன் வேறோர் உறை கடைகளில் தொங்கியது. உள்ளே என்ன கலந்திருந்தார்களோ, முடி கொட்டுகிறது என்று பெண்கள் எங்கள் கடையில் வந்து சண்டையிட்டார்கள். "வழக்குப் போடுங்க பாய்" என்றார்கள் சிலர். வக்கீல் செலவைச் சீயக்காய் தாங்காது. அத்தா அரைப்பதையே நிறுத்திவிட்டார்.

"என் மூட்டையிலருந்து ஒரு பிடி சீயக்காய்கூட அவன் எடுக்கலை தம்பி. அப்ப எனக்கு எங்க குறைஞ்சுச்சு?"

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அத்தா தம் மன வருத்தத்தையே மார்க்கச் சட்டமாக்கிவிடும் மனிதரும் அல்லர். "எனக்கு இப்படித் தோணுது. கூடுமா கூடாதான்னு ஹஜ்ரத்துக்கிட்டக் கேப்போம்" என்றார்.

நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் தராவீஹ் முடிந்தபின் பள்ளிவாசல் திண்ணையில் ஹஜ்ரத்திடம் கேட்டோம். கணினியைத் தொட்டே பார்த்திராதவர் அவர். வட்டு என்றால் என்ன, நகலெடுப்பது எப்படி, விற்பவர் எதை விற்கிறார் என்றெல்லாம் என்னிடமே விளக்கம் கேட்டார். சிறுவன் என்று ஒதுக்காமல் அவர் என்னைக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கிதாபு பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

பத்து நாள் கழித்து அவர் சொன்னவை பின்னாளில் நான் தேடிப் படித்தவற்றோடு பொருந்தின. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். இது ஆரம்பத்திலிருந்தே ஒருமித்த கருத்துள்ள மஸ்அலா அன்று. நம் துணைக்கண்டத்து ஹனஃபி அறிஞர்களில் முந்தைய தலைமுறையினர் சிலர், நூலுரிமை என்பதை விற்கவும் வாங்கவும் தக்க சொத்தாக ஏற்றுக்கொள்ளவில்லை. கையால் தொட முடியாத ஒன்று எப்படிப் பொருளாகும் என்பது ஒரு காரணம்; கல்வியை முடக்கி வைக்கக் கூடாதே என்ற அச்சம் இன்னொன்று. பின்வந்தவர்களில் முஃப்தி தகீ உஸ்மானி போன்றோர் மாறுபட்டார்கள். ஒன்றை உருவாக்க ஒருவர் உழைப்பையும் பணத்தையும் இடுகிறார். வணிகர்களின் வழக்கில் அதற்கு விலை உண்டு. அரசும் அதைப் பதிந்து பாதுகாக்கிறது. அப்படியிருக்க, அதைச் சொத்தல்ல என்று எப்படித் தள்ளுவது என்று கேட்டார்கள்.

1988 டிசம்பரில் குவைத்தில், ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் ஐந்தாவது அமர்வு கூடியது. அதன் 43-ஆவது தீர்மானம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. வணிகப் பெயர், வணிகக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகிய உரிமைகள் அவற்றின் உடைமையாளருக்கே உரியவை. இக்கால வழக்கில் அவற்றுக்குப் பண மதிப்பு ஏற்பட்டிருப்பதால் ஷரீஅத்திலும் அவை மதிக்கப்பட வேண்டியவை. அவற்றில் அத்துமீறுவது ஆகாது என்பது அதன் கருத்து. ஒருவர் மனமுவந்து தராத அவரது பொருள் மற்றவருக்கு ஆகுமானதாகாது என்ற நபிமொழியின் கருத்தையும் ஹஜ்ரத் சேர்த்துச் சொன்னார்.

அத்தா கவனித்தது வேறொன்று. "வணிகப் பெயரும் அதே தீர்மானத்துல இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். இருக்கிறது என்றார் ஹஜ்ரத். சீயக்காய் உறையும் கணினி விளையாட்டும் ஒரே தீர்மானத்தில், ஒரே வாக்கியத்தில் அடங்கியிருந்தன. அத்தா வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

நாட்டின் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவது, 1994-இல் சேர்க்கப்பட்ட 63பி பிரிவின்படி தண்டனைக்குரியது. சட்டம் இருந்தும் சந்தில் வட்டுகள் தொங்கத்தான் செய்தன. எங்கள் ஊரில் யாரும் அதைக் குற்றமென்று எண்ணியதில்லை. நல்லவர்கள், ஐவேளை தொழுபவர்கள், ஒரு ரூபாய் மீதியைத் தேடி வந்து கொடுப்பவர்கள் கூடத் திரைப்பட வட்டையும் விளையாட்டு வட்டையும் சந்தில் வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குக் கடன்பட முடியும் என்பது மனத்துக்கு எளிதில் எட்டுவதில்லை போலும்.

விளையாடுவது பற்றியும் ஹஜ்ரத் சொன்னார். தொழுகையைத் தவறவிடாமல், பணயம் வைக்காமல், படிப்பைக் கெடுக்காமல் இருந்தால் தாம் தடுக்கப்போவதில்லை என்றார். உருவங்கள் பற்றிய கருத்து வேறுபாட்டையும் சுட்டிக்காட்டினார். அதில் அவர் மனம் முழு நிறைவோடு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஸலாஹுத்தீன் அய்யூபி அதுல இருக்காரா?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார். ஆம் என்றேன். "அவரை எப்படிக் காட்டியிருக்கான்னு பார்த்துட்டு எனக்கும் சொல்லு" என்றார்.

அசல் பெட்டியின் விலை சந்து வட்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அத்தா முடிவு செய்தார்: பாதி என்னுடையது, பாதி அவருடையது, அக்காவுக்கும் அதில் பங்கு. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த நோன்புப் பெருநாளில் கிடைத்த காசு முழுவதையும் நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். போதவில்லை. விடுமுறை நாள்களில் கடையில் மிளகாய் வற்றல் பிரித்துக் கட்டுவதற்கு அத்தா கூலி தந்தார். மகன் என்று கூட்டியும் தரவில்லை, குறைத்தும் தரவில்லை. கடைப் பையனுக்கு என்னவோ அதுவே எனக்கும். மிளகாய் நெடியில் தும்மித் தும்மிக் கண் சிவந்த அந்த நாள்களின் எரிச்சலை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை மதுரைக்குப் புறப்பட்டோம். பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, டவுன்ஹால் ரோட்டிலும் மேலமாசி வீதியிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். பல கடைகளில், "அசலா? எதுக்கு பாய்?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், வரவழைத்துத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்றார். அத்தா கொடுத்துவிட்டுத் துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டார். வெறுங்கையுடன் திரும்புவதில் எனக்குத் தொண்டை அடைத்தது. லுஹருக்குக் காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலுக்குப் போனோம். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பள்ளியின் குளிர்ந்த தரையில் தொழுதுவிட்டு, விளக்குத்தூண் பக்கம் நடந்து ஜிகர்தண்டா குடித்தோம். அத்தாவின் சமாதானம் எப்போதுமே தித்திப்பில்தான் முடியும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து மீண்டும் போனபோது பெட்டி வந்திருந்தது. வட்டு ஒன்றுக்கு இவ்வளவு பெரிய அட்டைப் பெட்டியா என்று வியந்தேன். உள்ளே தடித்த கையேடு. விரித்தால் மேசையை நிறைக்கும் ஓர் அட்டவணை. எந்தக் கட்டடத்திலிருந்து எந்தக் கலை கைவரும் என்று அதில் வரைந்திருந்தார்கள். அத்தா ரசீது கேட்டார். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, கரித்தாளைச் சரிசெய்துகொண்டே, "விளையாட்டுக்கு ரசீது கேட்ட முதல் ஆள் நீங்கதான் பாய்" என்றார். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்ததாக இருக்கலாம்.

வட்டுறையின் பின்புறம் ஒட்டியிருந்த இருபத்தைந்து எழுத்துக் குறியீட்டை அக்கா ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். 'பி'யா 'டி'யா என்று இருவரும் சண்டையிட்டோம். திரையில் அனுமதி கிடைத்ததும் அம்மா சமையலறையிலிருந்தே "அல்ஹம்துலில்லாஹ், இனியாவது வீடு அமைதியாகுமா" என்றார்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம்தான் எனக்கு அனுமதி. ஸலாஹுத்தீன் தொடரைக் கதையாகச் சொல்பவர், அவர் படையிடம் சிறைப்பட்ட ஓர் ஐரோப்பிய வீரர். எதிரியின் வாய்மொழியில் அவருடைய பண்பு விரிவது போன்ற அமைப்பு. காட்டுமிராண்டிகளின் நாட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்தவர், மெல்ல மெல்ல மனம் மாறிப் பேசுவார். அரபுகள் என்றாலே குறிவைத்துச் சுடப்பட வேண்டியவர்களாகக் காட்டும் விளையாட்டுகள் பெருகிய காலத்தில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் தோழனின் சந்து வட்டில் அந்தக் குரலே இல்லை! இடத்தை மிச்சப்படுத்த இசையையும் கதைசொல்லலையும் வெட்டியெறிந்துவிட்டு விற்றிருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவன் சில நாள் மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா இருவருக்கும் தேங்காய்ப்பால் ரொட்டி தருவார்.

அத்தாவும் ஒரு நாள் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போரில் அவருக்குச் சிறிதும் ஆர்வமில்லை. ஆனால் விளையாட்டில் சந்தை என்று ஒரு கட்டடம் உண்டு. அங்கே மிஞ்சிய மரத்தை விற்றுப் பொன் வாங்கலாம், பொன் கொடுத்து உணவு வாங்கலாம். ஒரு பொருளை வாங்க வாங்க விலை ஏறும், விற்க விற்க இறங்கும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். பொதுவாக அச்சந்தையில் தரகு 30 விழுக்காடு. ஸாராஸன்கள் என்று அழைக்கப்படும் அரபு இனத்துக்கு மட்டும் 5 விழுக்காடுதான். கையேட்டில் இதைப் படித்துக் காட்டியபோது அத்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அஞ்சுதானா! நம்ம கமிஷன் மண்டிக்காரங்க இதைப் பார்க்கணும்." வணிகத்தில் நேர்மையாக இருந்தார்கள் என்பதற்காக அந்தச் சலுகையைக் கொடுத்திருப்பார்களோ என்று அவர் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். அரபுகள் தேர்ந்த வணிகர்கள் என்ற எண்ணத்தில் செய்திருக்கலாம் என்பேன். இரண்டும் ஒன்றுதானே என்பார்.

ஹஜ்ரத்திடம் வாக்களித்தபடி போய்ச் சொன்னேன். ஹித்தீன் போர் இருக்கிறது, பைத்துல் முகத்தஸ் முற்றுகை இருக்கிறது, கடலோரக் கோட்டைகள் இருக்கின்றன என்றேன். "பிணைத்தொகை இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: 1187 ஜூலையில் தண்ணீரற்ற ஹித்தீன் மேட்டில் சிலுவைப் படை தாகத்தால் தளர்ந்து தோற்றது. அக்டோபர் 2-ஆம் நாள் பைத்துல் முகத்தஸ் அவர் கைக்கு வந்தது பேச்சுவார்த்தையால். ஆணுக்குப் பத்து தீனார், பெண்ணுக்கு ஐந்து என்று பிணைத்தொகை பேசி மக்களை வெளியேற விட்டார். கட்ட இயலாத ஏழைகளில் ஆயிரம் பேரைத் தமக்குத் தருமாறு அவருடைய தம்பி அல்ஆதில் கேட்டுப் பெற்று, அப்படியே விடுவித்தார். 1193-இல் திமிஷ்கில் சுல்தான் இறந்தபோது அவரது கருவூலத்தில் இருந்தது ஒரு தீனாரும் நாற்பத்தேழு திர்ஹமும்தான் என்று அவருடன் வாழ்ந்த காளி இப்னு ஷத்தாத் எழுதி வைத்திருக்கிறார்.

அவையொன்றும் விளையாட்டில் இல்லை. இருக்கவும் முடியாது என்று இப்போது நினைக்கிறேன். பொன்னைச் சேர்த்தால்தான் அடுத்த யுகத்துக்கு ஏற முடியும் என்ற கணக்கில், கொடுத்துக் கொடுத்தே கருவூலத்தைக் காலியாக்கிய ஒரு மன்னரை எப்படி விளையாடுவது?

அந்த நிறுவனம் 2009 தொடக்கத்தில் மூடப்பட்டது. விளையாட்டு மட்டும் சாகவில்லை. 2013-இலும் 2019-இலும் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022-இல் இந்திய அரசகுலங்கள் என்ற இணைப்பு வந்தபோது திராவிடர்கள் என்றோர் இனமும், முதலாம் ராஜேந்திர சோழனின் போர்த்தொடரும் அதில் சேர்ந்தன. சுருள்வாள் ஏந்திய வீரர்களைத் திரையில் கண்டு என் மகன் துள்ளினான். அதைக் கைப்பேசியில் பணம் செலுத்தி ஒரு நிமிடத்தில் வாங்கிவிட்டேன். பெட்டி இல்லை, கையேடு இல்லை, பேருந்து இல்லை, ஜிகர்தண்டாவும் இல்லை. ரசீது மட்டும் மின்னஞ்சலில் வந்தது, அத்தாவிடம் காட்டினேன்.

இப்போதைய இக்கட்டு வேறு திசையிலிருந்து வருகிறது. மகனின் நண்பர்கள் விளையாடுபவை பெரும்பாலும் 'இலவசம்'. அத்தா கேட்ட முதல் கேள்வி: "இலவசமாக் குடுத்தா அவன் எப்படிப் பொழைக்கிறான்?" உள்ளே போய்ப் பார்த்தால் விடை கிடைக்கிறது. என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள். நல்லது வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் இன்னொரு பெட்டி. பெல்ஜியம் 2018-இலேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது. திருட்டு வட்டில் உண்டாக்கியவர் ஏமாந்தார். இங்கே பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். இந்தப் பெட்டிகள் மைஸிர் என்பதில் எனக்கு ஐயமில்லை. மகனின் கணக்கில் பணம் செலுத்தும் வசதியை நான் சேர்க்கவே இல்லை. விலை சொல்லி விற்கும் விளையாட்டு என்றால் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பேசி வாங்குகிறோம். அவனும் பெருநாள் காசில் பாதி போடுகிறான்.

சென்ற மாதம் அவன் என்னிடம் ஒன்று கேட்டான். உருவாக்கிய நிறுவனமே கலைந்துபோய், எந்தக் கடையிலும் விற்பனைக்கில்லாத பழைய விளையாட்டுகளைச் சிலர் இணையத்தில் சும்மா வைத்திருக்கிறார்களே, அவற்றை எடுக்கலாமா? உரிமையாளர் யாரென்று தேடினாலும் தெரியவில்லை. காசு கொடுக்க நாம் தயார், வாங்கத்தான் ஆள் இல்லை என்றான். வழியில் கிடந்த பொருளை ஓராண்டு அறிவித்துப் பார்க்கச் சொல்லும் லுகதா சட்டம் இதற்குப் பொருந்துமா என்று அத்தா யோசித்தார். இணையத்தில் எப்படி அறிவிப்பது என்று மகன் கேட்டான். பழைய ஹஜ்ரத் வஃபாத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக. இப்போது இருக்கும் இளம் இமாமிடம் மூவரும் போனோம். அவரும் வட்டு, நகல், நிறுவனம் என்று மகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிதாபு பார்க்க வேண்டும், அடுத்த ஜும்ஆவுக்குப் பின் வாருங்கள் என்றிருக்கிறார்.